கேம்பர்வேன் இன்சூரன்ஸ்: மூன்று கொட்டேஷனும் ஒரே வண்டிக்கா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. 2014ஆம் ஆண்டு டொயோட்டா ஹையஸ் ஒன்றைப் பழையதாக வாங்கி, உள்ளே கட்டில், சிங்க், 12 வோல்ட் ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, கூரையில் சோலார், இருக்கைக்கு அடியில் லித்தியம் பேட்டரி, பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் கூடாரத் துணி எல்லாம் போட்டு கேம்பர்வேன் ஆக்கியிருக்கிறார். வண்டி மட்டும் சுமார் 60,000 வெள்ளி (ரிங்கிட்), உள்வேலை 40,000. மனைவி, பிள்ளைகள், அம்மாவோடு ஜண்டா பாய்க், கேமரன் மலை, அடுத்த பள்ளி விடுமுறைக்கு தாய்லாந்தின் ஹாட்யாய் என்று திட்டம். கையில் மூன்று கொட்டேஷன்: ஆன்லைனில் அவரே எடுத்தது, தெரிந்த ஏஜெண்ட் கொடுத்தது, இஸ்லாமிய முறைக் காப்புறுதியான தகாஃபுல் ஒன்று. மலிவானதற்கும் விலை கூடியதற்கும் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி வித்தியாசம். வண்டி சும்மா நிற்கும் வார இறுதிகளில் வாடகைக்கு விடலாமா என்று கடைசியில் ஒரு வரி. எதை எடுப்பது?

நான் பட்டர்வொர்த்தில் மோட்டார் இன்சூரன்ஸ், கிளைம் என்று இதே வேலையில் ரொம்ப காலமாக இருப்பவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி, முதலில் விலையை மறந்துவிட்டு மூன்று தாளிலும் காப்புறுதித் தொகை என்ற வரியைப் பாருங்கள். ஆன்லைனில் 60,000. தகாஃபுலிலும் 60,000. ஏஜெண்ட் கொடுத்ததில் 60,000, அதற்குக் கீழே தனியாக ஆக்சஸரீஸ் 40,000. அதாவது முதல் இரண்டும் ஒரு காலி ஹையஸுக்குப் போட்ட விலை. உங்கள் கட்டிலும் அடுப்பும் சோலாரும் அந்தத் தாள்களைப் பொறுத்தவரை கிடையவே கிடையாது. இவற்றை வைத்து ஏஜெண்ட் ஆயிரம் வெள்ளி கூடக் கேட்கிறார் என்று சொல்வது நியாயமில்லை, அவர் ஒருவர்தான் உங்கள் வண்டிக்கு விலை சொல்லியிருக்கிறார்.

ஆன்லைனில் ஏன் இப்படி வருகிறது என்றால், நீங்கள் பிளேட் நம்பரும் ஐசி நம்பரும் தட்டியவுடன் அது ஐஎஸ்எம் என்ற காப்புறுதித் துறைத் தரவு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருந்து அந்த மாடல், அந்த வருடத்துக்கான சந்தை மதிப்பை எடுத்துப் போட்டுவிடும். அதற்கு ஹையஸ் தெரியும், நீங்கள் உள்ளே கட்டிய அடுக்களை தெரியாது. வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று நடுவில் ஒரு கேள்வி வரும், அவசரத்தில் எல்லாரும் இல்லை என்று தட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு தட்டல்தான் பிற்பாடு கழுத்தைப் பிடிக்கும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆவது அட்டவணைப்படி, நிறுவனம் கேட்கும் கேள்விக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுத்துக்கொள்வது வாங்குகிறவரின் கடமை. தெரிந்தே பொய் சொன்னால் பாலிசியையே செல்லாது என்று ஆக்கிவிடலாம். கவனக்குறைவால் வந்த தவறு என்றால், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு பிரிமியம் வாங்கியிருப்பார்களோ அந்த விகிதத்துக்குக் கிளைமைக் குறைப்பார்கள். 40,000 வெள்ளிக்கு உள்வேலை செய்தவர் மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வாங்கினீர்களா? இருக்கையைக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது, பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் வைப்பது எல்லாம் அனுமதி வாங்கி, பரிசோதனைக்குப் போய், கிராண்ட் என்ற வாகனப் பதிவுச் சான்றிலும் மாற்றி எழுத வேண்டிய விஷயங்கள். கிராண்டில் இருக்கைகளின் எண்ணிக்கை, பாடி வகை, பயன்பாட்டு வகுப்பு மூன்றும் இருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனம் வண்டியைப் பார்ப்பது அந்தக் காகிதத்தின் வழியாகத்தான். கிராண்டில் ஒன்று, ரோட்டில் வேறொன்று என்றால் எந்தக் கொட்டேஷனை எடுத்தாலும் வீண் பேச்சு. உங்களுடையது ஜன்னல் வைத்த வேனா, பக்கம் அடைத்த பனல் வேனா என்றும் பாருங்கள். சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால் அது வர்த்தக வாகனப் பாலிசிக்குள் போய்விடும், அங்கே என்சிடி, அதாவது கிளைம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியின் ஏணியே வேறு: தனியார் காருக்கு 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும், வர்த்தக வாகனத்துக்கு 25 விழுக்காட்டோடு நின்றுவிடும். நீங்கள் சொன்ன உங்கள் பழைய மைவி காரில் சேர்த்து வைத்த 55 விழுக்காட்டை அதற்கு மாற்றவும் முடியாது, ஒரே வகை வாகனத்துக்குள்தான் மாற்றலாம். தனியார் வாகனமாகப் பதிவாகியிருந்து, மைவியை விற்றுவிட்டீர்கள் என்றால், அந்த என்சிடியைக் கொண்டுவந்து பிரிமியத்தில் பாதிக்கு மேல் குறைக்கலாம். மூன்று கொட்டேஷனிலும் என்சிடி பூஜ்யம் என்று இருக்கிறது, ஏஜெண்ட்கூட அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது, அது அவர் தப்பு.

சரி, காப்புறுதித் தொகை குறைவாக இருந்தால் என்ன, வண்டி மொத்தமாகப் போனால் கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சந்தை மதிப்பைவிடத் தொகை 10 விழுக்காட்டுக்கு மேல் குறைவாக இருந்தால், சின்ன ரிப்பேருக்கும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். உங்கள் வண்டியின் மதிப்பில் உள்வேலையையும் சேர்த்து 100,000 என்று அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) கணக்குப் போட்டு, நீங்கள் 60,000க்கு மட்டும் போட்டிருந்தால், தாப்பா பக்கம் யாரோ பின்னால் இடிக்க, நீங்கள் உங்கள் பாலிசியில் கிளைம் செய்து, ரிப்பேர் 10,000 ஆகிறது என்று வையுங்கள்: வருவது 6,000. இதன் மேல் பெட்டர்மெண்ட் வேறு. வண்டிக்கு ஐந்து வயது ஆனதும் புதிதாகப் போடும் உதிரிப் பாகங்களின் விலையில் 15 விழுக்காடு உங்கள் பங்கு, வருடத்துக்கு 5 கூடி, பத்து வயதில் இருந்து 40 விழுக்காடு. உங்கள் ஹையஸ் அந்தக் கடைசிப் படியில் நிற்கிறது. பாகங்கள் 5,000 என்றால் 2,000 உங்கள் பாக்கெட்டில் இருந்து. இதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பாதுகாப்பு சில நிறுவனங்களில் உண்டு, ஆனால் வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

வேண்டுமென்றே அதிகத் தொகைக்குப் போட்டாலும் லாபமில்லை. சந்தை மதிப்புப் பாலிசியில் விபத்து நேரத்து மதிப்புக்கு மேல் ஒரு காசு வராது. அக்ரீட் வேல்யூ என்று முன்கூட்டியே தொகையைப் பேசி முடிவு செய்யும் பாலிசி இந்த மாதிரி வண்டிக்குத்தான் பொருத்தம், ஆனால் இந்த வயது வண்டிக்குக் கொடுக்க நிறுவனங்கள் தயங்கும். அதனால்தான் ஏஜெண்ட் ஆக்சஸரீஸைத் தனி வரியாகப் போட்டிருக்கிறார். அது எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் பிரிவு) 97, வண்டியில் பொருத்திய பொருட்களுக்கான தனிப் பாதுகாப்பு. நல்ல வேலை செய்திருக்கிறார், ஆனால் அரைகுறை. வெறும் 40,000 என்று எழுதினால் போதாது. ஃபிரிட்ஜ் என்ன மாடல், சோலார் எத்தனை வாட், பேட்டரி சீரியல் நம்பர், மரவேலை எவ்வளவு என்று பட்டியல் இணைத்து, ரசீதும் படமும் கொடுத்து, நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது என்று எழுத்தில் வாங்குங்கள். கூரையில் வெட்டி வைத்த அக்ரிலிக் ஜன்னல் இருந்தால் அதையும் இதில் எழுதச் சொல்லுங்கள். விண்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு கண்ணாடிக்குத்தான், அக்ரிலிக்கைப் பார்த்து இது கண்ணாடி இல்லையே என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

பொருத்தியது என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். திருகு போட்டு வண்டியோடு இணைத்த ஃபிரிட்ஜ் ஆக்சஸரி. கைப்பிடி பிடித்துத் தூக்கிக்கொண்டு போகும் பவர் ஸ்டேஷன், மடக்கு நாற்காலி, லேப்டாப், அம்மாவின் நகைப்பை, இதெல்லாம் உங்கள் சொந்தப் பொருட்கள், மோட்டார் பாலிசிக்கு அவற்றோடு சம்பந்தமே கிடையாது. முகாமில் கதவை உடைத்து எடுத்துப் போனால் கதவுக்குக் காசு வரும், பைக்கு வராது.

பாலிசித் தாளில் கேஸ் கிட், டேங்க் என்று ஒரு எண்டார்ஸ்மெண்டைப் பார்த்து அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இது போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது 97ஏ, என்ஜிவி என்ற இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டிகளுக்கானது, உங்கள் சமையலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கேஸ் அடுப்பு இருக்கிறது என்பதையும் பட்டியலில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பேட்டரி தானாகச் செத்துப்போனால் யாரும் தரமாட்டார்கள், மின்கோளாறும் தேய்மானமும் எல்லாப் பாலிசியிலும் விலக்கு. அந்தக் கோளாறால் தீப்பிடித்தால் அது வேறு கதை, தீ காம்பிரிஹென்சிவ் என்ற முழுக் காப்புறுதியில் அடங்கும். ஆனால் அப்போது அட்ஜஸ்டர் முதலில் வந்து தேடுவது பேட்டரியில் இருந்து போகும் வயரின் தடிமனும், அதில் ஃபியூஸ் இருந்ததா என்பதும்தான். எரிந்த வண்டியிலும் அது தெரியும். இங்கே செபராங் பிறையில் ஒரு வண்டியில், இன்வர்ட்டருக்குப் போன வயர் கருகிய இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, ஃபியூஸ் பெட்டி எங்கே என்று அட்ஜஸ்டர் கேட்டபோது உரிமையாளர் வயரிங் செய்தவருக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவே இல்லை. ஆகவே வயரிங் செய்தவரிடம் கம்பெனிப் பெயர் போட்ட ரசீதும், ஒரு சின்ன வயரிங் வரைபடமும் இப்போதே வாங்கி வையுங்கள்.

அடுத்தது வெள்ளம், மரம், மண்சரிவு. முகாம் போடுகிறவர்களுக்கு இதுதான் முக்கியம், இதைத்தான் பலர் காசு மிச்சம் பிடிக்க வெட்டுகிறார்கள். சாதாரண காம்பிரிஹென்சிவில் வெள்ளம் இல்லை. ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற எண்டார்ஸ்மெண்ட் 57 தனியாக எடுக்க வேண்டும். பழைய கட்டண விதிப்படி அது காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு. 2017 ஜூலையில் காம்பிரிஹென்சிவ் விலையைத் திறந்துவிட்ட பிறகு அதைவிடக் குறைவாகவும் கொடுக்கிறார்கள், சிலர் ஒரு வரம்புத் தொகைக்குள் மட்டும் பொதியில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2017 நவம்பரில் இங்கே பினாங்கு முழுக்க மூழ்கியபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கார் கூரை வரை தண்ணீர் வந்தபோதும், இந்த ஒரு வரி இல்லாததால் வெறுங்கையோடு நின்றவர்கள் ஏராளம்.

மரம் விழுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெலுக் பஹாங்கில் காற்றே இல்லாத மதியத்தில் உளுத்த கிளை ஒன்று முறிந்து உங்கள் சோலார் மேல் விழுந்தால், மேலிருந்து விழும் பொருள் என்ற வகையில் சாதாரண காம்பிரிஹென்சிவிலேயே கிளைம் செய்யலாம். அதே கிளை ராத்திரிப் புயலில் விழுந்தால் அது இயற்கைச் சீற்றம், ஸ்பெஷல் பெரில்ஸ் இருந்தால்தான் காசு. ஸ்பெஷல் பெரில்ஸுக்குச் சில நூறு வெள்ளி கட்டியிருக்காவிட்டால், கிளை விழுந்த காரணத்தைப் பொறுத்துத்தான் உங்களுக்குப் பணம் வருவதும் வராததும். போலீஸ் ரிப்போர்ட்டில் புயலா இல்லையா என்று என்ன எழுதினீர்கள் என்பதை வரிவரியாகப் படிப்பார்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மண்சரிவும் இதே 57இல்தான் வரும். 2022 டிசம்பர் 16 பத்தாங் காலி முகாம் தளத்தில் 31 உயிர் போன பிறகு மலை முகாமுக்குப் போகிறவர்களிடம் இதை விளக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. வண்டி பெரிய விஷயமில்லை, மழைக்காலத்தில் சரிவுக்குக் கீழே நிறுத்தாதீர்கள், அது முதல் பாதுகாப்பு. உங்கள் மூன்றில் தகாஃபுல் மட்டும் இதைச் சேர்த்திருக்கிறது, ஏஜெண்ட் சேர்க்கவில்லை.

தகாஃபுல் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள், யாரும் எடுக்கலாம். கிளைம் நடைமுறையில் பெரிய வித்தியாசம் கிடையாது, பாலிசி வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். கிளைம் இல்லாவிட்டால் உபரியில் ஒரு பங்கைச் சில நிறுவனங்கள் திருப்பித் தரும், நல்லதுதான். அதற்காக மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

ஹாட்யாய் விஷயம். மலேசியப் பாலிசி சிங்கப்பூர், புருணை வரை செல்லும், தாய்லாந்துக்குத் தனியாக விரிவாக்கம் வாங்க வேண்டும். அதோடு தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியும் வேண்டும், சாங்லூனிலும் புக்கிட் காயு ஈத்தாமிலும் எல்லைக்கு முன்னால் கடை கடையாக விற்கிறார்கள். ஆனால் அது ஆட்களின் காயத்துக்கும் உயிருக்கும் மட்டும். ஹாட்யாயில் நீங்கள் ஒருவரின் காரை இடித்தாலோ உங்கள் வேனே நொறுங்கினாலோ அந்தத் தாள் ஒன்றும் செய்யாது. அந்தக் கடைகளில் வாங்கிவிட்டோம், எல்லாம் சரி என்று தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். சிங்கப்பூர் போவதாக இருந்தால் எண்டார்ஸ்மெண்ட் 100, பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு, அவசியம். போகாவிட்டாலும் எடுங்கள், ஏனென்றால் உங்கள் கவனக்குறைவால் உங்களோடு வண்டியில் வருபவருக்கு அடிபட்டால் அதற்கான பொறுப்பு சாதாரணப் பாலிசியில் அடங்காது. ஓட்டுநரான உங்களுக்கு அடிபட்டாலும் மோட்டார் பாலிசி பணம் தராது, ஓட்டுநர், பயணிகள் தனிநபர் விபத்து என்று மலிவான ஒன்று உண்டு, அதையும் கேளுங்கள். மனைவியும் ஓட்டுவார் என்றால் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள், பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் 400 வெள்ளி கட்டாய எக்செஸ், அதாவது கிளைமில் உங்கள் பங்கு.

லைசென்ஸ் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல், உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கார் ஓட்டும் டி லைசென்ஸ் சுமையில்லா எடை 3,500 கிலோ வரைதான். லோரி மேல் கட்டிய பெரிய மோட்டார்ஹோமை டி லைசென்ஸில் ஓட்டினால் போலீஸ் சம்மன் சின்னப் பிரச்சினை, இன்சூரன்ஸ் கையை விரிப்பது பெரிய பிரச்சினை.

இழுவை லோரி இலவசம் என்று எல்லாரும் விளம்பரம் செய்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர், என்ன எடை, என்ன உயரம் என்று கேளுங்கள். கேமரன் மலைச் சாலையில் நின்றுபோன வேனை செந்தூலுக்கு இழுக்கும்போது இலவச தூரம் எங்கே முடிகிறது என்பதுதான் செலவு. பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றால் அதன் ரோந்துக் குழுவான பிளஸ்ரோண்டாவை அழையுங்கள், பக்கத்து டோல் வரை அவர்கள் சும்மா இழுத்துத் தருவார்கள், பாலிசி கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும். ரோட்டோரம் வந்து நிற்கும் தெரியாத லோரிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வாடகை. வேண்டாம், தம்பி. தனியார் வாகனப் பாலிசியில் சொந்த உபயோகம், உல்லாசம், உங்கள் தொழில் சார்ந்த பயணம் இவைதான் உண்டு, கூலிக்கோ வாடகைக்கோ விடுவது எழுத்தில் விலக்கப்பட்டது. நண்பனின் நண்பனுக்கு பெட்ரோல் காசும் ஒரு முந்நூறு வெள்ளியும் வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் வாடகைதான், வாட்சப்பில் பேரம் பேசிய செய்தி இருந்தால் அதுவே சாட்சி. உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது என்பதோடு முடியாது. அந்த ஓட்டுநர் யாரையாவது இடித்து, வழக்கு தீர்ப்பாகி, சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கட்டும்படி ஆனால், அந்தப் பணத்தை உங்களிடம் திரும்பக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. வீடு போகும். உண்மையிலேயே வாடகைத் தொழில் செய்ய ஆசை என்றால் வண்டியை அதற்கான வகுப்பில் பதிந்து, அதற்கான உரிமமும் வர்த்தகப் பாலிசியும் எடுத்துக்கொண்டு முறையாகத் தொடங்குங்கள். வருடத்தில் சில வார இறுதிகளுக்காக அந்தச் செலவு கட்டுமா என்று கணக்குப் போட்டால் உங்களுக்கே பதில் கிடைக்கும்.

ஆக, என் கையில் இந்த மூன்று தாள் இருந்தால் ஏஜெண்டினுடையதை எடுப்பேன், இப்படியே அல்ல. அவரிடம் திருப்பிக் கொடுத்து, என்சிடி மாற்றம், 57 முழுத் தொகைக்கு, 100, தாய்லாந்து விரிவாக்கம், பட்டியலோடு 97, மனைவியின் பெயர் எல்லாம் போட்டுப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். அதே பட்டியலைத் தகாஃபுலுக்கும் அனுப்புங்கள். என்சிடி வந்தால் இத்தனை சேர்த்தும் இப்போதைய விலையைவிடக் கீழே வர வாய்ப்பிருக்கிறது. 8 விழுக்காடு சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைத் தீர்வையும் சேர்த்த கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும், சிலர் வரிக்கு முந்திய தொகையைக் கொட்டை எழுத்தில் காட்டுவார்கள். மரவேலையை எந்த வொர்க்‌ஷாப்பில் சரிசெய்வீர்கள் என்றும் இருவரிடமும் கேளுங்கள். நிறுவனம் அங்கீகரித்த பேனல் வொர்க்‌ஷாப்புக்குத் தகடு தட்டத் தெரியும், கட்டில் செய்யத் தெரியாது. உங்கள் வண்டியைக் கட்டியவரிடமே அந்தப் பகுதியை ஒப்படைக்கச் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள்.

பதில்களை ஈமெயிலில் வாங்குங்கள், வாய்ஸ் மெசேஜில் வேண்டாம். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட், 7 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தகவல். கிளைமை நிராகரித்து இறுதிக் கடிதம் வந்தால், புகார்களை விசாரிக்க 2025 ஜனவரியில் இருந்து நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவை இருக்கிறது, எஃப்எம்ஓஎஸ் என்பார்கள், நமக்குக் கட்டணம் இல்லை, கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கிராண்டில் பாடி வகை என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் மீதியையும் சொல்கிறேன்.